வலி இல்லாத வாயில் இரண்டு கருவட்டங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

அவர் வந்தது பல் சுத்தம் செய்துகொள்ள. பல் தேய்க்கும்போது ஈறில் லேசாக ரத்தம் வருகிறது, வேறு ஒன்றும் இல்லை, ஸ்கேலிங் மட்டும் செய்துவிடுங்கள் டாக்டர் என்றார். வயது 38. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தம் இல்லை, புகைப்பழக்கம் இல்லை, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை எதுவும் இல்லை. பல் மருத்துவரைக் கடைசியாகப் பார்த்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அப்போது வலது கீழ்க் கடைவாய்ப்பல்லில் ஓர் அடைப்பு வைத்தார்கள், அதன்பிறகு எதுவும் தொந்தரவு தராததால் அந்தப் பக்கமே போகவில்லை.

இந்த ஒருவரைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. ஒரே வாயில், ஒரு வாரத்துக்குள் எடுத்த ஐந்து எக்ஸ்ரே படங்களில், பல்லின் வெளி ஓடான எனாமலைத் தாண்டாத தொடக்கச் சொத்தை, பாதி ஆழம் போய்விட்ட சொத்தை, சத்தமில்லாமல் செத்துப்போயிருந்த ஒரு பல், நோய் போலவே தோன்றிய ஆனால் நோயே இல்லாத ஒரு நிழல் என எல்லாமே இருந்தன. எதிலும் வலி இல்லை. நான் கோட்டை விட்ட ஒன்றும் அந்தப் படங்களில் இருந்தது, அதையும் மறைக்காமல் எழுதப்போகிறேன்.

பற்களை எண்ணால் குறிப்பிடுகிறேன், அதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். வாயை நான்காகப் பிரித்து, நோயாளியின் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. ஒவ்வொரு பகுதியிலும் நடுக்கோட்டிலிருந்து பின்னோக்கி 1 முதல் 8 வரை. ஆக 46 என்றால் வலது கீழ்ப் பகுதியின் ஆறாவது பல், 48 என்றால் அதே பக்கத்து ஞானப்பல்.

கண்ணால் பார்த்த வரை

நல்ல வாய்தான். காற்றடித்து உலர்த்திவிட்டுப் பார்த்தேன், ஏனென்றால் எச்சில் படிந்த பல்லில் தொடக்கச் சொத்தையின் வெள்ளைத் திட்டு தெரியாது. கடிக்கும் பரப்புகளில் குழி எதுவும் இல்லை. 46-இல் பழைய அடைப்பு, விளிம்பு நன்றாகவே மூடியிருந்தது. அதற்குப் பின்னால் 47. அதற்கும் பின்னால் 48, பாதி வெளியே பாதி ஈறுக்குள், முன்பக்கமாகச் சாய்ந்து 47-இன் முதுகில் முட்டிக்கொண்டு நின்றது. கீழ் முன்பற்களின் உட்புறம் காரை படிந்திருந்தது. ஈறுப் பையின் ஆழத்தை அளந்தால் பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டர், இடது கீழ்க் கடைவாய்ப்பற்களுக்கு நடுவில் மட்டும் 4. மேல் இடது 22 பக்கத்துப் பல்லைவிட ஒரு சாயல் மங்கலாக இருந்தது. குறித்துக்கொண்டேன், ஆனால் அந்த நேரத்தில் அதற்குப் பெரிய முக்கியத்துவம் கொடுக்கவில்லை.

பற்கள் ஒன்றோடொன்று ஒட்டும் இடங்களைக் காட்டும் பைட்விங் எக்ஸ்ரே இரண்டு எடுக்கலாம் என்றதும் அவர் கேட்டார், "வலியே இல்லையே டாக்டர், எதுக்கு எக்ஸ்ரே?"

நியாயமான கேள்வி. கடைவாய்ப்பல் ஒவ்வொன்றுக்கும் வெளியே தெரியும்படி ஐந்து முகங்கள் உண்டு. கன்னத்துப் பக்கம், நாக்குப் பக்கம், கடிக்கும் பரப்பு ஆகிய மூன்றை நான் கண்ணால் பார்க்கலாம். மற்ற இரண்டு முகங்களும் முன்னும் பின்னும் இருக்கும் பற்களோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அங்கே கண்ணும் போகாது, கண்ணாடியும் போகாது, பிரஷும் போகாது. வயது வந்தவர்களுக்குச் சொத்தை விரும்பி ஆரம்பிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே ஆரம்பித்த சொத்தை எனாமலைக் கடக்கும் வரை வலிக்கவும் செய்யாது, எனாமலில் நரம்பு இல்லை. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டினுக்குள் வந்த பிறகும் மெதுவாக நகர்ந்தால், உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் இருக்கும் பல்கூழ் தன் பக்கம் புதிய டென்டினைச் சுரந்து சுவர் எழுப்பிக்கொண்டே பின்வாங்கும், அப்போதும் ஆள் ஒன்றும் உணரமாட்டார். வலிக்காகக் காத்திருந்தால் பெரும்பாலும் அது பல்கூழில்தான் முடியும்.

அதற்காக எல்லாருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுப்பதையும் நான் ஏற்கவில்லை. 2012-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் வெளியிட்ட பரிந்துரைப்படி, சொத்தை இல்லாத, அபாயமும் குறைவான பெரியவர்களுக்கு 24 முதல் 36 மாதத்துக்கு ஒரு முறை பைட்விங் போதும். சொத்தை இருப்பவர்களுக்கும் அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கும் 6 முதல் 18 மாதம். அதுவும் வாயைப் பார்த்த பிறகு, ஆளைப் பொறுத்து முடிவு செய்வது. இவருக்கு ஆறு வருடமாகப் படமே இல்லை, ஏற்கெனவே ஓர் அடைப்பு, சாய்ந்த ஞானப்பல், அப்புறம் பேச்சுவாக்கில் தெரிந்தது, வேலை நேரம் முழுக்க இனிப்புப் பானம் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருப்பார். ஒரே மூச்சில் குடிப்பதைவிட இதுதான் பல்லுக்குக் கெடுதல், ஒவ்வொரு வாய்க்கும் அமிலம் புதிதாக உருவாகிறது, எச்சில் அதை ஆற்றி முடிப்பதற்குள் அடுத்த வாய்.

கதிர்வீச்சு பற்றியும் கேட்டார், எண்ணாகவே சொன்னேன். இயற்கையாக மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதர் ஒருவர் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட் (2,400 மைக்ரோசீவெர்ட்), அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 6 அல்லது 7 மைக்ரோசீவெர்ட். டிஜிட்டல் சென்சாரில் செவ்வக வாய் பொருத்திய கருவியால் எடுத்தால் நான்கு பைட்விங் சேர்ந்தே 5 மைக்ரோசீவெர்ட் அளவில்தான் வரும். முழுத் தாடையையும் காட்டும் ஓபிஜி சுமார் 14 முதல் 24. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் சிடியில், கருவியையும் படமெடுக்கும் பரப்பையும் பொறுத்து அளவு பல மடங்கு மாறும், அதை அவ்வளவு எளிதாக எடுக்கக் கூடாது. ஈயக் கவசம் போடமாட்டீர்களா என்றும் கேட்டார். 2024-இல் அதே சங்கம், இன்றைய கருவிகளில் கதிர் தேவையான இடத்தில் மட்டும் விழுவதால் ஈய ஏப்ரனும் தைராய்டு காலரும் வழக்கமாகத் தேவையில்லை என்று பரிந்துரைத்தது, ஆனால் சட்டம் கேட்கும் இடங்களில் இன்னும் போடத்தான் வேண்டும். கதிரைக் குறைக்க வழி தேவையில்லாத படத்தை எடுக்காமல் இருப்பதும், எடுக்கும் படத்தை ஒரே முயற்சியில் சரியாக எடுப்பதும்தான் என்று அவரிடம் சொன்னேன். இந்த இரண்டாவது விஷயம் பின்னால் எனக்கே திரும்பி வந்தது.

இந்தப் பயம் காரணமில்லாமல் வந்ததும் இல்லை. ரோன்ட்ஜென் 1895 நவம்பரில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த சில வாரங்களில், ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் என்ற பல் மருத்துவர் தன் சொந்தப் பற்களையே படம் எடுத்துக்கொண்டார், அதற்கு அவர் 25 நிமிடம் கதிருக்கு முன்னால் இருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் கருவியைச் சரிசெய்யத் தன் கையையே கதிரில் வைத்துப் பார்த்துப் பார்த்து, தோலில் புற்றுநோய் வந்து, விரல்களை இழந்து, பிறகு கையையும் இழந்தார். இன்று ஒரு படத்துக்கு ஒரு நொடியில் சிறு பங்குதான் ஆகிறது. அவரைப் போன்றவர்கள் கொடுத்த விலையால்தான் நமக்கு இது இவ்வளவு பாதுகாப்பாகக் கிடைத்திருக்கிறது என்பதை நான் மறப்பதில்லை.

இரண்டு பைட்விங் காட்டியது

பைட்விங் என்பது 1925-இல் ஹோவர்ட் ரேப்பர் என்ற பல் மருத்துவர் கொண்டுவந்த முறை. ஃபிலிமில் ஒரு சிறகு போல் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை நோயாளி கடித்துக்கொள்வார், மேல் பற்களின் தலையும் கீழ்ப் பற்களின் தலையும் நடுவில் உள்ள எலும்பின் விளிம்பும் ஒரே படத்தில் விழும். வேரின் நுனி அதில் தெரியாது.

படத்தில் அடர்த்தி அதிகமானது வெள்ளை, குறைவானது கறுப்பு. உலோக அடைப்பு பளிச்சென்ற வெள்ளை, அடுத்து எனாமல், அதற்கடுத்து சாம்பல் நிறத்தில் டென்டின், நடுவில் பல்கூழ் கறுப்பு. சொத்தை என்பது தாது கரைந்துபோன இடம், அதனால் வெள்ளை எனாமலில் கறுப்பாக ஒரு சிறு முக்கோணம் விழும், அடி வெளியே, கூர் உள்ளே. டென்டினைத் தொட்டதும் பக்கவாட்டில் பரவி விரியும்.

இடது பக்கப் படத்தில் 25-இன் பின்முகத்திலும் 26-இன் முன்முகத்திலும் அப்படி இரண்டு முக்கோணங்கள், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. 25-இல் இருந்தது எனாமலின் வெளிப் பாதியோடு நின்றிருந்தது, 26-இல் உள் பாதி வரை வந்திருந்தது. டென்டினை இரண்டும் தொடவில்லை.

இங்கே அவசரப்பட்டு டிரில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் நின்று சொல்கிறேன். ஒரு சொத்தை எக்ஸ்ரேயில் தெரியவே சுமார் 30 முதல் 40 சதவீதம் தாது கரைந்திருக்க வேண்டும், ஆகவே உண்மையான ஆழம் படத்தில் தெரிவதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கும். அப்படியானால் உடனே அடைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் மேற்பரப்பு உடைந்து குழியாகிவிட்டதா, இல்லை தோல் மூடியபடி உள்ளே மட்டும் தாது இளகியிருக்கிறதா என்பதைப் படம் சொல்லாது. மேற்பரப்பு முழுசாக இருந்தால் நிறுத்திவிட முடியும். ஒரு முறை டிரில் வைத்தால் அந்தப் பல் வாழ்நாள் முழுக்க அடைப்பு மாற்றும் பல்லாகிவிடும், ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் பல் போகும்.

தெரிந்துகொள்ள ஒரு பழைய வழி இருக்கிறது. கம்பி போடும் சிகிச்சையில் பற்களுக்கு நடுவே செருகும் சிறிய ரப்பர் வளையத்தை 25-க்கும் 26-க்கும் நடுவில் வைத்து அனுப்பினேன். மூன்று நாள் கழித்து வந்தபோது ஒரு மெல்லிய இடைவெளி விழுந்திருந்தது. உலர்த்திப் பார்த்தால் இரண்டு முகங்களிலும் சுண்ணாம்பு வெள்ளையில் திட்டு, மேற்பரப்பு உடையவில்லை. கூரான ஊசியால் குத்திப் பார்க்கவில்லை, அப்படிக் குத்துவதே இளகிய எனாமலை உடைத்துவிடும். அந்த இடைவெளி இருக்கும்போதே 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு வார்னிஷ் தடவினேன். இடைப்பல் பிரஷ் எப்படிப் பிடிப்பது என்று கையில் கொடுத்துச் செய்யவைத்தேன். மேசையில் இருக்கும் பானத்தை உணவு நேரத்தோடு சேர்த்துக் குடித்துவிட்டு நடுவில் தண்ணீர் மட்டும் குடிக்கச் சொன்னேன். எல்லாவற்றிலும் இதுதான் கடினம் என்று அவரே சொன்னார்.

அதே படத்தில் கீழ்க் கடைவாய்ப்பற்களுக்கு நடுவே எலும்பு விளிம்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. எனாமல் முடியும் இடத்திலிருந்து 2 மில்லிமீட்டருக்குள் எலும்பு இருந்தால் இயல்பு, இங்கே சுமார் 3. பல் கழுத்தில் முள் போல நீட்டிக்கொண்டு ஈறுக்கு அடியில் காரை. அவர் சொன்ன ரத்தக் கசிவுக்கு விடை அதுதான், ஈறுக்குக் கீழேயும் சேர்த்துச் சுத்தம் செய்தோம், ஆறு வாரத்தில் ரத்தம் நின்றது.

வலது பக்கப் படம்தான் என்னை நிறுத்தியது. முதலில் கண் போன இடம் 46, பழைய அடைப்புக்கு அடியில் மெல்லிய கறுப்புக் கோடு. அடைப்புக்கு அடியில் மறுபடி சொத்தை வந்திருக்கலாம், அல்லது அடைப்பு வைக்கும்போது தடவிய அடிப்பூச்சே படத்தில் கறுப்பாக விழும் வகையாக இருக்கலாம். ஒரு படத்தை மட்டும் வைத்து இதைப் பிரிக்க முடியாது. பழைய எக்ஸ்ரே எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு நாள் தேடி, ஆறு வருடத்துக்கு முன் அடைப்பு வைத்த பிறகு எடுத்த படத்தைப் போனிலிருந்து கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். அதே கோடு, அதே தடிமன், அதே இடத்தில். விளிம்பும் மூடியிருந்தது. தொடவேண்டியதில்லை. அந்தப் பழைய படம் இல்லாமல் போயிருந்தால் நான் அந்த அடைப்பைக் கழற்றியிருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் படங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன், இதனால்தான்.

ஆனால் 46-ஐப் பார்த்து முடித்துவிட்டு எழுந்திருந்தால் தப்பாகியிருக்கும். படத்தின் பின் ஓரத்தில், சென்சார் முடியும் இடத்தில், 47-இன் முதுகில் ஒரு கறுப்பு. 48 முட்டிக்கொண்டிருக்கும் அதே இடம். பாதிதான் படத்துக்குள் விழுந்திருந்தது.

47-க்கு மட்டும் வேர் நுனி வரை தெரியும் படம் ஒன்று எடுத்தேன். சொத்தை டென்டினின் நடுப்பகுதி வரை போயிருந்தது, பல்கூழுக்கும் அதற்கும் நடுவில் இன்னும் சுவர் இருந்தது, வேர் நுனியில் மாற்றம் இல்லை. குளிர் வைத்துப் பார்த்தால் உடனே கூசி, எடுத்ததும் நின்றது, அதாவது பல்கூழ் உயிரோடு, திரும்பிவரக்கூடிய நிலையில் இருக்கிறது. அவர் கொண்டுவந்த பழைய படத்தை மறுபடி பார்த்தேன். அங்கேயும் 47-இன் பின்பக்கம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. ஆறு வருடத்துக்கு முன் அங்கே ஏதாவது இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது, அந்த இரண்டு மில்லிமீட்டர் படத்துக்குள் விழவே இல்லை.

ஓபிஜியில் இரண்டு வட்டங்கள்

ஞானப்பல்லை எடுத்தாக வேண்டும், இல்லாமல் 47-இன் அந்த முகத்துக்கு வழியே இல்லை. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு கால்வாயில் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு கொடுக்கும் நரம்பு ஓடுகிறது, 48-இன் வேர் அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. அதற்காகத்தான் ஓபிஜி. கால்வாயின் வெள்ளைக் கோடு வேரைக் கடக்கும் இடத்தில் அறுந்திருந்தாலோ, கால்வாய் திடீரென்று வளைந்திருந்தாலோ, வேர் அந்த இடத்தில் கறுத்திருந்தாலோ நெருக்கம் என்று பொருள், அப்போதுதான் கோன் பீம் சிடி பற்றி யோசிப்பேன். இவருக்கு வேருக்கும் கால்வாய்க்கும் நடுவில் தெளிவான இடைவெளி. சிடி தேவைப்படவில்லை.

ஞானப்பல்லுக்கு விடை கிடைத்துவிட்டது. ஓபிஜி எடுத்தால் எதற்காக எடுத்தோமோ அதை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடும் ஆபத்து எப்போதும் உண்டு, நாள் முடியும் நேரத்தில் இன்னும் அதிகம். தாடையில் கட்டியோ நீர்ப்பையோ வலியில்லாமல் வருடக்கணக்கில் வளரும், சில நேரம் அதைக் காட்டும் ஒரே படம் வேறு எதற்கோ எடுத்ததாக இருக்கும். அதனால் எனக்கு ஒரு பழக்கம், தாடை மூட்டில் ஆரம்பித்து எலும்பின் விளிம்பு வழியாக ஒரு சுற்று, பிறகு வேர் நுனிகள் வழியாக இன்னொரு சுற்று, கடைசியில்தான் பற்கள்.

இரண்டாவது சுற்றில் இரண்டு கருவட்டங்கள் தெரிந்தன. ஒன்று மேல் இடது 22-இன் வேர் நுனியில், இன்னொன்று கீழ் இடது 35-இன் வேர் நுனியில். கிட்டத்தட்ட ஒரே அளவு. வேரின் நுனியில் வட்டமாகக் கறுத்திருந்தால், பல்கூழ் செத்து, அழற்சியால் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்திருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) என்று எழுதிவிட எந்தத் தடையும் இல்லை, நோயாளியும் படத்தைப் பார்த்தால் நம்பிவிடுவார்.

முதலில் 35. அந்தப் பல்லில் அடைப்பு இல்லை, சொத்தை இல்லை, விரிசல் இல்லை. ஒரு பல்கூழ் சாக ஏதாவது காரணம் வேண்டும், இங்கே காரணமே இல்லை. குளிர் வைத்தால் பக்கத்துப் பல்லைப் போலவே கூசியது. வேரைச் சுற்றிய மெல்லிய வெள்ளைக் கோடு அந்தக் கறுப்புக்குள்ளும் அறுபடாமல் தொடர்ந்தது. வலது பக்கம் 45-க்குக் கீழே பார்த்தால் அங்கேயும் அதே போல ஒரு வட்டம், வேர் நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளி. இது முகவாய்த் துளை. தாடைக் கால்வாயில் வந்த நரம்பு உதட்டுக்கு வெளியே வரும் இயற்கையான ஓட்டை, எல்லாருக்கும் இருப்பது, இவருக்கு இடது பக்கம் படத்தின் கோணத்தால் சரியாக வேர் நுனிமேல் விழுந்திருந்தது. சந்தேகம் தீர இன்னொரு படம் எடுக்கலாமா என்று யோசித்தேன், குளிர்ச் சோதனையும் எதிர்ப்பக்கத்து வட்டமும் போதுமான விடை கொடுத்துவிட்டதால் எடுக்கவில்லை.

22 வேறு மாதிரி. குளிருக்கு ஒன்றும் இல்லை. மறுபடி வைத்தேன், பக்கத்துப் பற்கள் கூசின, இது கூசவில்லை. தட்டினால் வலி இல்லை, ஈறில் வீக்கம் இல்லை. முதல் நாள் கண்ணில் பட்ட அந்த மங்கல் இப்போதுதான் எனக்கு அர்த்தமானது. ஓபிஜியில் முன்பற்கள் இருக்கும் இடம் எப்போதுமே கொஞ்சம் கலங்கலாக இருக்கும், முதுகெலும்பின் நிழல் அங்கே விழும், பற்கள் கருவி கவனம் வைக்கும் வளைவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் மங்கிவிடும், அதனால் அந்தப் பல்லுக்குத் தனியாக ஒரு சிறிய படம் எடுத்து உறுதி செய்தேன். வெள்ளைக் கோடு நுனியில் காணவில்லை, தெளிவான கருவட்டம்.

சின்ன வயதில் முகத்தில் அடி ஏதாவது பட்டதா என்று கேட்டேன். இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கையைத் தூக்கி உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, பள்ளியில் படிக்கும்போது பந்து வந்து மேல் உதட்டில் பட்டு ரத்தம் வந்தது, இரண்டு நாள் பல் ஆடியது, அப்புறம் சரியாகிவிட்டது என்றார். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட அடி. வேர் நுனி வழியாக நுழையும் ரத்தக் குழாய் அந்த அடியில் அறுந்திருந்தால் பல்கூழ் மெதுவாகச் செத்திருக்கும், பல் உடையாமல் நின்றதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்ல வேண்டும். படத்தில் கறுப்பு இல்லை என்பதால் எலும்பு நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. 1961-இல் பென்டர், செல்ட்ஸர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இறந்தவர்களின் தாடையில் துளைகள் போட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். துளை உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற எலும்போடு நின்றவரை படத்தில் சரியாகத் தெரியவில்லை, வெளியே இருக்கும் கெட்டியான எலும்புத் தகட்டைத் தொட்டபோதுதான் தெரிந்தது. எனவே 22-இல் இது எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியாது, படத்தில் தெரிவதற்கு நிறைய நாள் முன்பே ஆரம்பித்திருக்கும்.

என்ன செய்தோம், 14 மாதத்தில் என்ன ஆனது

48-ஐ ஈறைத் திறந்து இரண்டு துண்டாக்கி எடுத்தேன். வழி திறந்ததும் அன்றே 47-இன் முதுகைச் சுத்தம் செய்து கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருளை வைத்து மூடினேன், பல்கூழுக்கு மேலே இருந்த கடைசி மெல்லிய அடுக்கை முழுவதும் சுரண்டாமல் விட்டு, சுற்றுச் சுவரை மட்டும் கெட்டியான பல் வரும்வரை சுத்தமாக்கி. ஆழத்தில் எல்லாவற்றையும் சுரண்டப்போனால் பல்கூழ் திறந்துவிடும். ஈறு ஆறிய பிறகு, எட்டாவது வாரம், நிரந்தர அடைப்பு. 14 மாதம் கழித்தும் குளிருக்குச் சரியாகக் கூசுகிறது. இன்னும் ஒன்றிரண்டு வருடம் விட்டிருந்தால் இந்தப் பல்லுக்கும் வேர் சிகிச்சை, அந்த இடத்தில் சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கியிருந்தால் பல்லையே இழந்திருக்கலாம்.

22-க்கு வேர் சிகிச்சை, இரண்டு அமர்வுகளில், நடுவில் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து. 12-ஆம் மாதம் எடுத்த படத்தில் கருவட்டம் பாதிக்கு மேல் சுருங்கி, ஓரங்களிலிருந்து எலும்பின் நார்க்கோடுகள் உள்ளே வளர ஆரம்பித்திருந்தன. முழுதாக நிறைய நான்கு வருடம் வரைகூட ஆகலாம், அதனால் இதைத் தோல்வி என்றோ முழு வெற்றி என்றோ இப்போது எழுதமாட்டேன்.

துளைக்காமல் விட்ட 25, 26 பற்றித்தான் எனக்குக் கவலை அதிகமாக இருந்தது. சும்மா விட்டுவிட்டு ஆள் வராமல் போனால் அது கவனிப்பு இல்லை, கைவிடுவது. அவர் வந்தார். நான்கு மாதத்துக்கு ஒரு முறை வார்னிஷ். 14-ஆம் மாதம் பைட்விங் மறுபடி எடுத்து, முதல் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு முக்கோணங்களும் அதே அளவு, ஒரு துளி நகரவில்லை. படத்தில் அந்தக் கறுப்பு மறையாது, நின்றுவிட்ட சொத்தையும் அப்படியேதான் தெரியும், அடுத்து பார்க்கும் மருத்துவர் புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று துளைத்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு தேதிப் படங்களையும் அவர் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது நான் கோட்டை விட்டது. அதே 14-ஆம் மாதப் படத்தில், வலது மேல் 15-இன் பின்முகத்தில் ஒரு சொத்தை, எனாமலைக் கடந்து டென்டினுக்குள் கால் வைத்திருந்தது. புதிதாக வந்ததா? முதல் படத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். 15-உம் 16-உம் தொடும் இடத்தில் இரண்டு எனாமலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, வெள்ளைமேல் வெள்ளையாக விழுந்திருந்தது. கதிரின் கிடைமட்டக் கோணம் கொஞ்சம் சாய்ந்துவிட்டால் இப்படி ஆகும், அந்த இடத்தில் சொத்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான் தெரியும். அன்று படம் எடுத்த உதவியாளர், மறுபடி எடுக்கலாமா டாக்டர் என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. என் கவனம் முழுக்க 47-இல் இருந்தது, தேவையில்லாமல் கதிர் எதற்கு என்று வேண்டாம் என்றேன். அதைவிடப் பெரிய தவறு, என் குறிப்பில் "15, 16 இடைவெளி படிக்க முடியவில்லை" என்று எழுதாமல், மேல் வலது பக்கம் சொத்தை இல்லை என்று எழுதிவைத்தது. தெரியவில்லை என்பதை இல்லை என்று எழுதிவிட்டேன்.

ரப்பர் வளையம் வைத்துப் பிரித்துப் பார்த்ததில் 15-இல் மேற்பரப்பு உடைந்திருந்தது. சிறிய அடைப்பு வைக்க வேண்டியிருந்தது. முதல் நாளே தெரிந்திருந்தால் 25, 26 போல இதையும் துளைக்காமல் நிறுத்தியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. அவரிடம் இரண்டு படங்களையும் காட்டி நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி டாக்டர், அடுத்த தடவை ரெண்டாவது படம் எடுக்கணும்னா எடுத்துடுங்க" என்றார். அதன்பிறகு என் குறிப்பேட்டில் ஒவ்வொரு பைட்விங்குக்கும் எதிரே, எந்தெந்த இடைவெளி தெளிவாக விழுந்தது, எது விழவில்லை என்று தனி வரி இருக்கிறது.

போகும்போது ஆறு வயது மகளுக்கும் எடுக்கணுமா என்று கேட்டார். பால் கடைவாய்ப்பற்கள் ஒன்றையொன்று ஒட்டி நின்றால்தான் அந்தக் கேள்வியே வரும், இடைவெளி இருந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம், முதலில் அழைத்து வாருங்கள் பார்க்கிறேன் என்றேன். பால் பல்லின் எனாமல் மெல்லியது, சொத்தை வேகமாக உள்ளே போகும், அதனால் ரொம்ப நாள் தள்ளவும் வேண்டாம் என்றும் சொன்னேன்.

அவருக்கு அடுத்த பைட்விங் இன்னும் 12 மாதம் கழித்து. 22-க்கான படமும் அன்றே.